தேவாலயக் கூட்டத்தில் கறுப்பினப் பெண்களிடம் மார்பக நலம், கருப்பைவாய் நலம் பற்றி என்ன பேசுவது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜியாவில் பொதுச் சுகாதாரம் படிக்கிறீர்கள். களப்பயிற்சிக்காக அருகிலுள்ள ஒரு கறுப்பினத் தேவாலயத்தில், ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு, மார்பகப் புற்றுநோயையும் கருப்பைவாய்ப் புற்றுநோயையும் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும். நிறைய ஸ்லைடுகளைத் தயார் செய்துவிட்டு, இன்னும் எதைச் சேர்ப்பது, மருத்துவத்தின் மீது அவர்களுக்குள்ள அவநம்பிக்கையை எப்படி எதிர்கொள்வது என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் கடைசி வரி, "இவ்வளவு வசதியுள்ள நாட்டில் இந்தப் பெண்கள் ஏன் பரிசோதனைக்கு வருவதில்லை, எப்படி வரவைப்பது?" என்று முடிகிறது. உங்களை உண்மையில் உறுத்தும் கேள்வி அதுதான் என்று படுகிறது. அந்த வரியில் ஒளிந்திருக்கும் முன்முடிவைச் சரிபார்த்துவிட்டால் ஸ்லைடுகளில் பாதி தேவைப்படாது. நான் அமெரிக்கத் தென் மாநிலங்களில் சமூக சுகாதாரச் செவிலியராகப் பல ஆண்டுகள் வேலை செய்தவள். புற்றுநோய் மருத்துவர் அல்ல. ஆகவே சிகிச்சை முறைகளைப் பற்றியோ, ஒரு தனிநபரின் அறிகுறியைப் பற்றியோ இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை.

முன்முடிவு என்றது இதைத்தான்: கறுப்பினப் பெண்கள் பரிசோதனைக்கு வருவதில்லை என்பது பொதுவாக உண்மையில்லை. அமெரிக்காவின் தேசிய அளவிலான கணக்கெடுப்புகளில், மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே படம்) எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் கறுப்பினப் பெண்களின் விகிதம் வெள்ளையினப் பெண்களின் விகிதத்துக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோதான் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. மார்பகப் புற்றுநோய் வருவதும் அவர்களிடம் ஏறத்தாழ 5 சதவீதம் குறைவுதான். ஆனால் அந்த நோயால் இறப்பவர்களின் விகிதம் ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். 50 வயதுக்குட்பட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்ட இரு மடங்கு. நோய் குறைவாக வருகிறது, பரிசோதனைக்கும் வருகிறார்கள், ஆனாலும் அதிகம் இறக்கிறார்கள் என்றால், விழிப்புணர்வு இல்லாததுதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. இதை உணராமல் மேடையேறுகிறவர், ஏற்கெனவே வருடம் தவறாமல் மேமோகிராம் எடுத்துக்கொள்ளும் பெண்களைப் பார்த்து "நீங்கள் வருவதில்லை" என்று கடிந்துகொள்ளும் நிலைக்குப் போய்விடுவார். அவர்கள் மரியாதையாகக் கைதட்டுவார்கள். அடுத்த முறை அழைக்க மாட்டார்கள்.

இந்த இடைவெளி எப்போதும் இருந்ததில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. சிகாகோ நகரில் 1980இல் இரு இனப் பெண்களின் மார்பகப் புற்றுநோய் இறப்பு விகிதம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது; 2003இல் கறுப்பினப் பெண்களின் விகிதம் 68 சதவீதம் கூடுதலாகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் யாருடைய மரபணுவும் மாறிவிடவில்லை. மாறியவை மேமோகிராமின் தரம், அதைப் படித்துச் சொல்லும் நிபுணர்கள், புதிய மருந்துகள் ஆகியவை. அவை ஒரு சாராரிடம் சீக்கிரமாகவும் மற்றொரு சாராரிடம் தாமதமாகவும் போய்ச் சேர்ந்தன. அந்நகரில் இதை ஆராய்ந்தவர்கள், கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் இருந்த மேமோகிராம் நிலையங்களில் மார்பகப் படங்களை மட்டுமே படிக்கும் சிறப்பு நிபுணர்கள் குறைவாக இருந்ததைக் கண்டார்கள். பெண் வந்துவிட்டாள், படமும் எடுத்தாகிவிட்டது, கட்டி கண்ணில் படவில்லை என்ற நிலையில் அந்தப் பெண்ணிடம் இன்னும் என்ன விழிப்புணர்வை எதிர்பார்ப்பது?

உடற்கூற்றுக் காரணங்களே இல்லையா என்றால், இருக்கின்றன. இதில் உறுதியானதையும் சந்தேகத்துக்குரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 புரதமும் இல்லாத, 'ட்ரிபிள் நெகட்டிவ்' எனப்படும் வகைப் புற்றுநோய் கறுப்பினப் பெண்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு அதிகம் என்பது உறுதி. அது வேகமாக வளரும், இரண்டு மேமோகிராம்களுக்கு இடையில் தலைதூக்கும், இளம் வயதில் வரும் என்பதும் உறுதி. ஏன் அதிகம் என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்க மரபு, பிள்ளைப்பேறு, தாய்ப்பாலூட்டல், வாழும் சூழல் எனப் பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. எதற்கு எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் ஹார்மோன் ஏற்பி உள்ள, சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் வகையிலும்கூடக் கறுப்பினப் பெண்களே அதிகம் இறக்கிறார்கள். ஆகவே ட்ரிபிள் நெகட்டிவைக் காட்டி முழு வித்தியாசத்தையும் விளக்கிவிட முடியாது. கூட்டத்தில் யாராவது "எங்கள் இரத்தத்திலேயே இது இருக்கிறதா?" என்று கேட்பார்கள். "ஒரு பகுதி இருக்கலாம், பெரும்பகுதி அப்படியில்லை" என்பதுதான் நேர்மையான பதில். இதை விதி என்று விட்டுவிடுகிற தொனி உங்கள் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது.

பெரும்பகுதி எங்கே இருக்கிறது என்பதை நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஹரால்டு ஃப்ரீமன் காட்டினார். 1964 முதல் 1986 வரை அங்கே மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 606 பெண்களில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பினத்தவர். 6 சதவீதத்தினர் மட்டுமே நோயின் முதல் நிலையில் வந்தார்கள். பாதிப் பேர் மூன்றாம், நான்காம் நிலையில் வந்தார்கள். ஐந்தாண்டுகள் உயிர்பிழைத்தவர்கள் 39 சதவீதம். ஃப்ரீமன் குறைந்த செலவில் பரிசோதனை வசதியை ஏற்படுத்தினார். 1990இல் அதனுடன் 'நோயாளி வழிகாட்டி' என்ற ஏற்பாட்டையும் சேர்த்தார். மேமோகிராமில் சந்தேகம் என்று வந்த பெண்ணுக்கு அதே வட்டாரத்தைச் சேர்ந்த ஒருவர் துணையாக நின்று, பயாப்சிக்கு (திசு எடுத்துச் சோதிப்பதற்கு) நாள் வாங்கித் தருவது, காப்பீட்டுப் படிவம் நிரப்புவது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவது, பஸ் கட்டணத்துக்கு வழி செய்வது என்று சிகிச்சை தொடங்கும்வரை கூடவே போவார். 1995 முதல் 2000 வரை வந்த நோயாளிகளில் ஐந்தாண்டுகள் உயிர்பிழைத்தவர்கள் 70 சதவீதம். இது ஒரே சமயத்தில் இரு குழுக்களை ஒப்பிட்ட சோதனை இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் மருந்துகளும் மேம்பட்டன என்பதால் முழுப் பெருமையையும் வழிகாட்டிகளுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் உயிர் போகும் இடம் எது என்பதை இது துல்லியமாகக் காட்டுகிறது. "சந்தேகமாக இருக்கிறது, மறுபடி வாருங்கள்" என்ற கடிதத்துக்கும் முதல் சிகிச்சைக்கும் இடையிலுள்ள வாரங்கள்தான் அந்த இடம். உங்கள் ஒரு மணி நேரத்தின் பெரும்பங்கும் அங்கேதான் போக வேண்டும் என்பது என் கருத்து.

கருப்பைவாயின் கதை வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் "பெண்களுக்கான புற்றுநோய்கள்" என்று சொல்லிக்கொண்டு போகும் கூட்டங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டவர்களில் பலர் மேமோகிராம் எடுத்தாலே இரண்டும் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். மார்பகத்தில் நாம் செய்வது நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது. கருப்பைவாயிலோ நோய் உருவாவதற்கு முன்பே, ஹெச்.பி.வி. என்ற வைரஸ் கிருமியால் மாறத் தொடங்கிய செல்களைக் கண்டு அகற்றிவிடலாம். அதிலும் அந்தக் கிருமிக்குத் தடுப்பூசி 2006 முதல் இருக்கிறது. தவிர்க்க மிக எளிதான இந்தப் புற்றுநோயால் கறுப்பினப் பெண்கள் அதிகம் இறப்பது அதனால்தான் இன்னும் கூடுதலாக உறுத்துகிறது.

இங்கே கணக்கிலேயே ஒரு சிக்கல் நெடுங்காலம் மறைந்திருந்தது. கருப்பையை அகற்றிக்கொண்ட பெண்ணுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வர வாய்ப்பில்லை. ஆனால் பழைய கணக்குகளில் அவர்களும் மொத்த எண்ணிக்கையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். கறுப்பினப் பெண்களிடம் கருப்பைத் தசைக்கட்டிகள் அதிகம், அதனால் கருப்பை அகற்றும் அறுவையும் அதிகம். 2017இல் வெளியான ஓர் ஆய்வு கருப்பையை அகற்றிக்கொண்டவர்களை விலக்கிவிட்டுக் கணக்கிட்டபோது, கறுப்பினப் பெண்களின் இறப்பு விகிதம் லட்சத்துக்கு 5.7இலிருந்து 10.1 ஆக உயர்ந்தது; வெள்ளையினப் பெண்களுக்கு 3.2இலிருந்து 4.7 ஆனது. வயது கூடக் கூட இறப்பும் கூடுகிறது. அதாவது, "எனக்கு வயதாகிவிட்டது, அதெல்லாம் முடிந்துபோன விஷயம்" என்று பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மூத்த பெண்கள்தான் நீங்கள் கட்டாயம் பேச வேண்டியவர்கள். 65 வயதில் நிறுத்தலாம் என்பது, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் போதுமான பரிசோதனைகள் செய்து எல்லாம் சரியாக இருந்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

இதனுடன் இன்னொன்றையும் கேளுங்கள். "கருப்பையை எடுத்துவிட்டார்கள்" என்று சொல்லும் பெண்ணிடம், கருப்பைவாயையும் சேர்த்து எடுத்தார்களா என்று மென்மையாகக் கேட்டால், கணிசமானவர்கள் விழிப்பார்கள். சில அறுவைகளில் கருப்பைவாய் அப்படியே விடப்படுகிறது. அப்படியானால் பரிசோதனை தொடர வேண்டும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கேட்க வேண்டிய கேள்வியாக இதை ஒரு சிறு அட்டையில் அச்சிட்டுக் கொடுங்கள். நான் கொடுத்த துண்டறிக்கைகளிலேயே கைப்பைக்குள் பத்திரமாகப் போனது அந்த அட்டைதான். வண்ணப்படங்கள் போட்ட மற்றவை நாற்காலியிலேயே கிடந்தன.

அவநம்பிக்கை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் (சிபிலிஸ்) கண்ட 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமலே அரசின் பொதுச் சுகாதாரத் துறை வேடிக்கை பார்த்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெண்களின் நினைவில் அதைவிட நெருக்கமானவை வேறு. பெண்நோயியலின் தந்தை என்று போற்றப்பட்ட ஜே. மேரியன் சிம்ஸ், 1840களில் அதே அலபாமாவின் மான்ட்கோமரியில், அனார்க்கா, பெட்ஸி, லூசி உள்ளிட்ட அடிமைப் பெண்களின் மீது மயக்க மருந்தில்லாமல் அறுவைகளைச் செய்து பழகினார். மிசிசிப்பியில் குடிமை உரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமருக்கு 1961இல் ஒரு கட்டியை அகற்றப் போன இடத்தில் சம்மதமில்லாமல் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். இந்த வரலாற்றை ஸ்லைடு போட்டு அவர்களுக்கே நீங்கள் கற்பிக்க வேண்டாம். அது வெளியாள் செய்யக் கூடாத காரியம். ஆனால் யாராவது எடுத்தால் தட்டிக்கழிக்கவும் வேண்டாம். "அது நடந்தது, அதனால்தான் எந்தப் படிவத்திலும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், கேள்வி கேளுங்கள், கூட ஒருவரை அழைத்துப் போங்கள்" என்பது போதும். சந்தேகப்படுகிற பெண்ணைக் குறையுள்ளவராகப் பார்க்காமல், விவரமாகக் கேள்வி கேட்கும் நோயாளியாக மாற்ற முடியும்.

ஹென்ரியெட்டா லாக்ஸின் பெயரும் தவறாமல் வரும். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1951இல் கருப்பைவாய்ப் புற்றுநோயால் தன் 31ஆம் வயதில் இறந்தவர் அவர். அவரிடம் கேட்காமல் எடுக்கப்பட்ட செல்கள் ஹீலா என்ற பெயரில் இன்றும் ஆய்வகங்களில் வளர்கின்றன. அந்த செல்களில் ஹெச்.பி.வி. 18 வகை இருந்தது பிற்பாடு கண்டறியப்பட்டது; இன்றைய தடுப்பூசி காக்கும் வகைகளில் அதுவும் ஒன்று. பேத்திக்கு ஊசி போடத் தயங்கும் பாட்டிகளிடம், அநீதியை மறைக்காமல் இதைச் சொன்னபோது கவனித்துக் கேட்டார்கள். தடுப்பூசியின் எல்லையையும் சொல்லிவிடுவது நல்லது. ஆப்பிரிக்க மரபினரிடம் சற்று அதிகமாகக் காணப்படும் ஹெச்.பி.வி. 35 இப்போதைய ஒன்பது வகைத் தடுப்பூசியில் இல்லை. ஆகவே ஊசி போட்டுக்கொண்டவர்களும் பரிசோதனையை விடக் கூடாது. ஆனால் பத்தில் ஏழு பங்கு நோய்க்குக் காரணமான 16, 18 ஆகியவை அதில் இருக்கின்றன, ஒரு வகை இல்லை என்பதற்காக அந்த ஏழு பங்கை யாரும் வேண்டாம் என்று தள்ள மாட்டார்கள்.

யார் பேசுவது என்பதற்கு வருகிறேன். நீங்கள் குறைவாகப் பேச வேண்டும். ஆர்கன்சாவில் 1990களின் தொடக்கத்தில் உருவான 'விட்னஸ் ப்ராஜெக்ட்' என்ற திட்டத்தில், புற்றுநோயிலிருந்து மீண்ட கறுப்பினப் பெண்களே தேவாலயங்களுக்குப் போய் எழுந்து நின்று சாட்சி சொன்னார்கள். ஆராதனையில் சாட்சி சொல்வது அந்தச் சபைகளுக்குப் பழகிய முறை என்பதால் புதிதாக எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "புற்றுநோய் என்றால் சாவு" என்று நம்பியிருந்தவர்களின் முன்னால், பத்தாண்டுகளுக்கு முன் மார்பகத்தை அகற்றிக்கொண்ட ஒருத்தி உயிரோடு நின்றுகொண்டிருந்தாள். வட கரோலினாவின் கிழக்குக் கிராமப்புற மாவட்டங்களில், அக்கம்பக்கத்தார் ஏற்கெனவே யோசனை கேட்டுப் போகும் பெண்களைத் தேடிப் பயிற்சி கொடுத்தார்கள். 2002இல் வெளியான முடிவுகளின்படி, மேமோகிராம் எடுத்துக்கொண்டோரின் விகிதம் ஒட்டுமொத்தமாக 6 சதவீதப் புள்ளிகளும், வருமானம் குறைந்தவர்களிடம் 11 புள்ளிகளும் ஒப்பீட்டு மாவட்டங்களைவிடக் கூடுதலாக உயர்ந்தது. பிரமாதமான எண் இல்லை. ஆனால் உயர்வு அதிகம் தேவைப்பட்டவர்களிடம் நடந்திருக்கிறது. இத்தகைய கூட்டங்கள் பரிசோதனையைக் கூட்டுகின்றன என்பதற்குச் சான்று உண்டு. இறப்பைக் குறைத்தன என்று நேரடியாக நிறுவிய சான்று மிகக் குறைவு என்பதையும் உங்கள் பயிற்சி அறிக்கையில் ஒப்புக்கொண்டுவிடுங்கள்.

ஆகவே முதலில் போதகரின் மனைவியைப் போய்ப் பாருங்கள். அங்கே அவரை 'ஃபர்ஸ்ட் லேடி' என்றுதான் சொல்வார்கள். அவர் முன்வரிசையில் உட்கார்ந்தால் கூட்டம் நிற்கும், எழுந்து போனால் கலையும். அடுத்து, ஆராதனையின்போது வெள்ளைச் சீருடையில் ஓரமாக நிற்கும் தேவாலயச் செவிலியர் குழுவிடம் பேசுங்கள். சபையில் யார் சிகிச்சையில் இருக்கிறார், யார் வெளியில் சொல்லாமல் மறைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். சாட்சி சொல்ல முன்வருபவரை அவர்கள் கண்டுபிடித்துத் தருவார்கள்; நீங்களாக யாரையும் பிடித்து மேடையேற்ற வேண்டாம். கட்டி எப்படி இருக்கும் என்று காட்ட சிலிக்கான் மாதிரி கொண்டுபோவதானால் பழுப்புத் தோல் நிறத்தில் வாங்குங்கள். படங்களுக்கும் அதே விதி. மார்பகத் தோல் "சிவந்து போகும்" என்று பாடநூல் சொல்வது கருமையான தோலில் ஊதாவாகவோ, சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ, வெறும் தடிப்பாகவோதான் தெரியும். அதைச் சிவப்பாகத் தேடுகிற பெண் கடைசிவரை காண மாட்டாள்.

சொல்ல வேண்டிய தகவல்கள் அதிகமில்லை. அமெரிக்கத் தடுப்புப் பணிக்குழு 2024இல் தந்த பரிந்துரை, 40 வயதிலிருந்து 74 வரை இரண்டாண்டுக்கு ஒரு மேமோகிராம். வேறு சில மருத்துவ அமைப்புகள் ஆண்டுதோறும் என்கின்றன. இந்த வேறுபாட்டை மறைக்காமல், மருத்துவரிடம் பேசி முடிவு செய்யச் சொல்லுங்கள். கதிரியல் மருத்துவர்களின் அமைப்பு, கறுப்பினப் பெண்கள் 25 வயதுக்குள் தங்கள் ஆபத்தை மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்கிறது. தாய் வழியோடு தந்தை வழியிலும் யாருக்கு, எந்த வயதில் வந்தது என்று வீட்டில் விசாரித்து வைப்பது அதற்கு உதவும். மாதந்தோறும் முறைப்படி சுயபரிசோதனை செய்யச் சொல்லும் பழைய பாடத்தை விட்டுவிடலாம். ஷாங்காய் நெசவாலைகளில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002இல் முடிவு வெளியான சோதனையில் அது இறப்பைக் குறைக்கவில்லை, தேவையற்ற பயாப்சிகளைக் கூட்டியது. தன் மார்பகம் வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்து, மாறினால் காத்திராமல் போவது போதும். "30 வயதுதானே, ஒன்றும் இருக்காது" என்று திருப்பி அனுப்பினால் இன்னொரு மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

கருப்பைவாய்க்கு 21 முதல் 29 வரை மூன்றாண்டுக்கு ஒரு பாப் பரிசோதனை (கருப்பைவாயின் செல்களை எடுத்துப் பார்ப்பது). 30 முதல் 65 வரை ஐந்தாண்டுக்கு ஒரு ஹெச்.பி.வி. பரிசோதனை, அல்லது மூன்றாண்டுக்கு ஒரு பாப். உள்பரிசோதனைக்கு அஞ்சுபவர்களுக்கு, அதிலும் பாலியல் வன்முறையைச் சந்தித்தவர்களுக்கு, மருத்துவமனையில் தாங்களே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துத் தரும் முறைக்கு 2024இல் அனுமதி கிடைத்திருக்கிறது. இதைச் சொன்னதும் அறையில் பலர் நிமிர்ந்து உட்காருவார்கள். ஹெச்.பி.வி. உடலுறவால் பரவுவது என்பதைத் தேவாலயத்தில் எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். வாழ்நாளில் பெரும்பாலோருக்கு ஒருமுறையாவது வந்துபோகிற கிருமி அது, பல ஆண்டுகள் அமைதியாக இருந்துவிட்டு இன்று தென்படலாம், ஆகவே இன்றைய முடிவைக் கொண்டு கணவரையோ தன்னையோ சந்தேகிக்க இடமில்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள். முடிவு வந்த பின் வெட்கத்தால் மருத்துவமனைப் பக்கமே போகாமல் இருப்பவர்கள் அதிகம்.

கடைசியாக, முன்பு சொன்ன அந்த வாரங்கள். மேமோகிராம் எடுத்துக்கொள்ளும் ஆயிரம் பேரில் ஏறத்தாழ நூறு பேரை மறுபடி கூப்பிடுவார்கள்; அவர்களில் ஒரு சிலருக்கே புற்றுநோய் இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் கடிதம் வந்ததும் சிலர் மரண ஓலையாக எடுத்துக்கொண்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள். முதல் மேமோகிராம் காப்பீட்டில் இலவசம் என்றாலும், மறுபடி எடுக்கும் விரிவான படத்துக்குப் பல பெண்கள் கைக்காசு கட்ட வேண்டியிருந்திருக்கிறது. அந்தப் பில்லுக்குப் பயந்தே போகாதவர்கள் உண்டு. காப்பீடு இல்லாத, வருமானம் குறைந்த பெண்களுக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய் முன்கண்டறிதல் திட்டம் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. பரிசோதனையோடு தொடர் பரிசோதனைகளையும் அது ஏற்கும், நோய் உறுதியானால் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டில் சிகிச்சை பெறலாம். ஜார்ஜியா, அலபாமா போன்ற மாநிலங்கள் மெடிக்கெய்டை முழுமையாக விரிவாக்காததால் இந்த வழி அங்கே இன்னும் முக்கியம். கூட்டத்துக்கு முன்பே உங்கள் மாவட்டச் சுகாதாரத் துறையில் அத்திட்டத்தின் ஆளைப் பிடித்து, அவரையே அறையின் வாசலருகே ஒரு மேசை போட்டு உட்கார வையுங்கள். வெளியே போகும்போது நாள் குறித்துக்கொண்டு போகட்டும். வண்டியில்லாதவர்களின் பெயரைத் தேவாலய வேன் ஓட்டுபவரிடம் அன்றே கொடுத்துவிடுங்கள். ஒப்புதல் தருகிறவர்களின் தொலைபேசி எண்ணை வாங்கி, மூன்று வாரம் கழித்து ஒருமுறை, முடிவு வந்ததா என்று கேட்க ஒருமுறை கூப்பிடுங்கள். அறிக்கையில் எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தார்கள் என்பதோடு, மறுபடி கூப்பிடப்பட்டவர்களில் எத்தனை பேர் போய் முடித்தார்கள் என்ற எண்ணையும் எழுதுங்கள்.